நடுச்சுவரை இடிக்குமுன்

சங்கத்தின் விதைமூட்டைகளை அடுக்க இடம் போதாதபோது, இரண்டு அறைகளுக்கு இடையேயுள்ள சுவரை எடுத்துவிட்டால் ஒரே கூடமாகிவிடும் என்று அங்கத்தினர்கள் எண்ணுவது சகஜம். அச்சுவர் வெறும் தடுப்புத்தானா, அல்லது மேற்பாரத்தைத் தாங்குவதா என்பதை முதலில் அறிதல் அவசியம்.

மரக்கட்டைகளின்மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பிட்ட மெத்தை வீடுகளில், கட்டைகள் ஓடும் திக்கைப் பார்க்கவேண்டும். அவை பெரும்பாலும் அறையின் குறுகிய பக்கமாகவே போடப்பட்டிருக்கும். அவற்றின் நுனிகள் எச்சுவரில் ஏறியிருக்கின்றனவோ, அச்சுவரே பாரந்தாங்கி. கட்டைகளுக்கு இணையாக ஓடும் சுவர் சாதாரணமாகப் பாரம் ஏற்பதில்லை. ஆயினும் பெரிய உத்தரத்தின் முனை அதன்மேல் ஊன்றியிருந்தாலும், மாடியில் அதற்கு நேராக வேறொரு சுவர் நின்றாலும் அதனைத் தொடலாகாது. ஓட்டு வீடாயின், சுவர் வளைமரம்வரை உயர்ந்து அதனைத் தாங்குகின்றதா என்று பரண்மேல் ஏறிப் பார்க்கவேண்டும்.

கனத்தை மட்டும் கொண்டு தீர்மானிப்பது தவறு. 4½ அங்குல அரைக்கல் சுவர் தடுப்பாகவே எழுப்பப்பட்டிருக்கலாம். உத்தரம் நாளடைவில் தொய்ந்து அதன்மேல் படிந்துவிட்டால் அதுவும் பாரந்தாங்கியாய்விடும். சுவரின் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஓர் ஓலை நறுக்குத் தடையின்றி நுழைகின்றதா என்று நீளம் முழுவதும் சோதித்தல் நலம். இடிக்க வரும் கூலியாள் இதனைச் செய்வான் என்று நம்பியிருத்தல் கூடாது.

பாரந்தாங்கும் சுவரானால், எஞ்சினீயர் ஒருவர் பார்வையிட்டு, புது உத்தரத்தின் அளவைக் குறித்த பிறகே வேலை தொடங்கவேண்டும். சுவரின் இருபுறமும் அடிப்பலகையிட்டு முட்டுக் கொடுத்துக் கட்டைகளைத் தாங்கிய பின்பே முதற் செங்கல்லைப் பெயர்க்கலாம். உத்தரம் ஏற்றிச் சாந்து நன்கு இறுகும்வரை முட்டுக்களை எடுக்கலாகாது.