யாண்டுக் குறிப்பும் தனியரசு அறிவிப்பும்: காடவர் கல்வெட்டுகளை முன்வைத்து

முன்னுரை

பேரரசுக்கு அடங்கியிருந்த சிற்றரசு ஒன்று தனியரசாகிய காலத்தை எவ்வாறு அறிவது? 1776இல் வட அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானியப் பேரரசிலிருந்து விலகியதை ஓர் எழுத்தாவணம் உலகிற்கு அறிவித்தது. 13ஆம் நூற்றாண்டு நடுநாட்டில் அத்தகைய அறிவிப்பு ஆவணம் கிடைக்கவில்லை. ஆயினும் காடவர் சோழரிடமிருந்து விலகியமை கல்லில் பதிவாகியுள்ளது. அதனைக் கல்வெட்டின் எப்பகுதியில் காணலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சோழர்கீழ்க் காடவர்

காடவர் திருமுனைப்பாடி நாட்டுக் கூடலைச் சார்ந்தவர்கள். தம்மைப் பல்லவர் வழியினராகக் கூறிக்கொண்டவர்கள். இன்றைய கம்மாபுரம் பகுதிக்கு அணித்தேயுள்ள விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் இவர்தம் கல்வெட்டுகள் உள்ளன. 12ஆம் நூற்றாண்டில் சோழர் பணியில் உயர்ந்த இவர்கள், கொடையளித்தபோது சோழ மன்னனின் ஆட்சியாண்டையே குறித்தனர். கொடை காடவருடையது, அதனைக் குறிக்கும் காலம் சோழருடையது. அடங்கிய நிலையின் தெளிவான அடையாளம் இதுவே.

ஒரு போர், இரு பதிவுகள்

1231ஆம் ஆண்டளவில் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். கடலூரை அடுத்த திருவயிந்திரபுரக் கல்வெட்டு இச்செய்தியைச் சோழர் தரப்பில் நின்று கூறுகிறது. போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் படை அனுப்பியதையும், அவன் தண்டநாயகர்களான அப்பண்ணனும் சமுத்திர கோப்பையனும் காடவர் ஊர்களை அழித்துச் சோழனை மீட்டதையும் அது விரித்துரைக்கிறது. அதன் காலக்குறிப்பு இராசராசனின் ஆட்சியாண்டிலேயே அமைந்துள்ளது.

வந்தவாசிப் பகுதியிலுள்ள வயலூர்க் கல்வெட்டு மறுதரப்பின் குரல். தெள்ளாற்றில் சோழனை வென்று, அவனுடைய அரச சின்னங்களைக் கைக்கொண்டு, அவனைச் சிறையிட்டதை அது வெற்றிச் செயலாகப் போற்றுகிறது. முன்னதில் அடாத செயலாகக் காட்டப்படுவது பின்னதில் பெருமிதமாகிறது. ஒரு பதிவை மட்டும் கொண்டு இந்நிகழ்வைக் ‘கலகம்’ எனப் பெயரிடுவது, தரப்பொன்றின் சொல்லை ஆய்வாளர் தம் சொல்லாக ஏற்பதாகும்.

பட்டமும் யாண்டும்

வயலூர்க் கல்வெட்டில் கோப்பெருஞ்சிங்கன் ‘சகலபுவனச் சக்கரவர்த்தி’ எனப்படுகிறான். பிற்காலச் சோழர் பட்டம் ‘திரிபுவனச் சக்கரவர்த்தி’. சோழர் மூவுலகு எனக் கூறிய இடத்தில் காடவர் அனைத்துலகு என்கின்றனர். பழைய பட்டத்தின் அமைப்பை ஏற்று, அதனினும் மிகுந்த உரிமையை இப்பட்டம் கோருகிறது.

எனினும் பட்டம் புகழ்ச்சியாகவும் அமையலாம். யாண்டுக் குறிப்பு அவ்வாறன்று. அது கொடை நடைமுறைக்கு வரும் காலத்தை வரையறுக்கும் நிருவாகக் கூறு. கோப்பெருஞ்சிங்கர் தந்தையும் மகனுமாக இருவர் என்பது பெரும்பாலான அறிஞர் ஏற்ற கருத்து. மகனின் கல்வெட்டுகள் அவன் பெயரிலேயே ஆட்சியாண்டைக் கணக்கிடுகின்றன. அவற்றிலுள்ள நாள், விண்மீன் குறிப்புகளைக் கொண்டு அவனுடைய முதலாண்டு 1243 எனக் கணித்துள்ளனர். சோழன் சிறைப்பட்டதற்கும் இவ்வாண்டுக்கும் இடையே ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் உள்ளன. போர்க்களத்தில் தொடங்கிய விலகல், கோயிற் சுவரில் எழுதப்பெற்ற காலக்கணக்கில்தான் நிலைபெற்றது.

அறிவிப்பின் எல்லை

யாண்டுக் குறிப்பு உரிமைக் கோரலைக் காட்டும்; அவ்வுரிமையின் வலிமையை அளந்து காட்டாது. முதலாம் சடாவர்மன் சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தைக் கைப்பற்றிப் பின்னர் காடவனுக்கே திருப்பியளித்தமையை அவனது மெய்க்கீர்த்தி கூறுகிறது. அதன் பின்னரும் கோப்பெருஞ்சிங்கனின் ஆட்சியாண்டுகள் 1279 வரை தொடர்கின்றன. ஒரு பேரரசிலிருந்து விலகியவன் மற்றொரு பேரரசின் இசைவோடு ஆண்ட நிலையை இக்கல்வெட்டுகளின் தொடக்க வரி மட்டும் உணர்த்தாது.

முடிவுரை

நடுநாட்டில் தனியரசு அறிவிப்பு ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. போர், பட்டம், ஆட்சியாண்டு என மூன்று படிகளில் அது அமைந்தது; அவற்றுள் உறுதியான சான்று ஆட்சியாண்டே. கொடைச்செய்தியைத் தேடிக் கல்வெட்டின் தொடக்கத்தைக் கடந்து செல்லும் வாசிப்பு இச்சான்றைத் தவறவிடும். யாருக்கு யாண்டு என்னும் வினாவே காடவர் வரலாற்றாய்வின் முதல் வினாவாக அமைதல் வேண்டும்.