ஹைட்ராவின் மரபணுத்தொகைப் பெருக்கம்: இடம்பெயர் கூறுகளின் பங்கு

முன்னுரை

நன்னீர்க் குளங்களில் நீர்த்தாவரங்களைப் பற்றி வாழும் ஹைட்ரா, குழியுடலிகள் தொகுதியைச் சார்ந்த சிற்றுயிர். இரண்டு செல் அடுக்குகள், ஒரு வாய், அதனைச் சூழ்ந்த உணர்நீட்சிகள், ஒரு நரம்பு வலை என்ற அளவில் அதன் உடலமைப்பு நிறைவு பெறுகிறது. ஆபிரகாம் டிரெம்ப்ளே 1740-களில் ஹாலந்தில் இதனைத் துண்டித்து, துண்டுகள் முழு உயிர்களாக வளர்வதைக் காட்டிய நாள் முதல் ஹைட்ரா மீளுருவாக்க ஆய்வுக்கே பெரிதும் பெயர் பெற்றிருந்தது. எளிய உடலுக்குச் சிறிய மரபணுத்தொகையே போதும் என எதிர்பார்ப்பது இயல்பு. அவ்வெதிர்பார்ப்பு இவ்வுயிரியில் பொய்த்துப்போகிறது.

பச்சை இனமும் பழுப்பு இனங்களும்

பழுப்பு ஹைட்ரா ஒன்றின் மரபணுத்தொகை வரிசை 2010-இல் வெளியிடப்பட்டது. (ஹைட்ராவுடன் ஒட்டி வாழும் ஒரு பாக்டீரியாவின் வரிசையும் அம்முயற்சியில் உடன் கிடைத்தது.) அதன் நீளம் ஏறத்தாழ 100 கோடி கார இணைகள், மனித மரபணுத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு. தன் செல்களுக்குள் குளோரெல்லா பாசியைத் தாங்கி வாழும் பச்சை ஹைட்ராவுக்கு 2020-இல் வெளியான வரிசையோ 28 கோடியை ஒட்டியது. எனினும் புரதங்களைக் குறிக்கும் மரபணுக்கள் இரண்டிலும் 20,000-ஐ ஒட்டியே அமைகின்றன. ஆகவே பெருகியவை மரபணுக்கள் அல்ல.

பழுப்பு ஹைட்ராவின் மரபணுத்தொகையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி இடம்பெயர் கூறுகளால் ஆனது. அவற்றுள் சிஆர்1 எனும் ஒரே குடும்பம், பச்சை இனத்திலிருந்து பழுப்புக் கிளை பிரிந்த பின்னர்ப் பெரும் பெருக்கம் அடைந்துள்ளது என்பதை 2019-இல் வெளியான ஒப்பாய்வு நிறுவியது. சிஆர்1 தன்னை முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்து, அப்படியை மீண்டும் டி.என்.ஏ.வாக மாற்றி வேறோர் இடத்தில் செருகுகிறது. மூலம் தன் இடத்திலேயே எஞ்சுவதால், ஒவ்வொரு நிகழ்வும் நீளத்தைக் கூட்டும்.

உடற்செல்லும் மரபுவழியும்

பாலூட்டிகளின் உடற்செல்லில் இத்தகைய கூறு புதிதாகச் செருகப்பட்டால், அம்மாற்றம் அவ்வுயிரியோடு மறைந்துபோகும். இனச்செல்லில் நேர்ந்தாலே வழித்தோன்றலுக்குச் செல்லும். ஹைட்ராவில் இவ்வரம்பு நெகிழ்ந்தது. மொட்டுவிடுதலின்போது தாயுடலின் குருத்துச்செல் வழிகள் அனைத்தும் சேயுடலுக்குப் பகிரப்படுகின்றன. ஆகவே உடற்குருத்துச்செல்லில் நேரும் செருகலும் மொட்டின் வழியே தொடர இடமுண்டு. இதனாலேயே காவலும் அங்கே தேவைப்படுகிறது. பல விலங்குகளில் இனச்செல்களைக் காப்பவையாகவே பெரிதும் அறியப்பட்ட பிவி புரதங்கள், ஹைட்ராவின் மூவகைக் குருத்துச்செல்களிலும் இயங்குவதை 2014-ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின. மேற்தோல் செல்களில் அப்புரதங்களுள் ஒன்றைக் குறைத்தபோது ஹைட்ராக்கள் உடல் சிதைந்து மடிந்தன. இவ்வளவு காவலுக்கிடையிலும் சிஆர்1 பெருகியிருப்பது தனி ஆய்வுக்குரியது.

குலையாத தொகுப்பு

இப்பெருக்கம் மரபணுக்களின் குடியிருப்பை முற்றிலும் கலைத்துவிடவில்லை. கடற்பஞ்சு, குழியுடலி, முதுகுநாணி ஆகியவற்றின் குரோமோசோம்களை ஒப்பிட்ட 2022-ஆம் ஆண்டு ஆய்வில், தொல்மூதாதையில் ஒரே குரோமோசோமில் இருந்த மரபணுக்கள் ஹைட்ராவிலும் பெரும்பாலும் ஒருங்கே இருப்பது தெரிந்தது. வரிசை மாறியுள்ளது, கூட்டு நிலைத்துள்ளது. மரபணுக்களுக்கு இடைப்பட்ட வெளி விரிந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். சிஆர்1 பெருக்கமும் பழுப்பு ஹைட்ராக்கள் பல இனங்களாகக் கிளைத்ததும் ஒரே கிளையில் நிகழ்ந்தன என்பதால், முன்னது பின்னதற்குக் காரணம் எனச் சிலர் கொள்ளக்கூடும். உடன்நிகழ்வு காரணம் ஆகாது. பெருக்கம் ஒரு கிளையில் ஒருமுறை நேர்ந்த நிகழ்வாதலால், ஒப்பிட்டுப் பார்க்க வேறு கிளை இல்லை. எந்தெந்த மரபணுக்களின் அருகே சிஆர்1 படிகள் அமர்ந்துள்ளன, அவற்றின் இயக்கம் அதனால் மாறியதா என்பதை இனந்தோறும் ஒப்பிட்டு அறிந்த பின்னரே அக்கூற்றை ஏற்கவோ மறுக்கவோ இயலும்.