சாலமரத் துளைப்பான் வண்டு

சாலமரத் துளைப்பான் என்பது நீண்ட உணர்கொம்புகளை உடைய ஒரு வண்டினம். நடு இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் உள்ள சாலமரக் காடுகளில் இது வாழ்கிறது. நாட்டு மருந்துக் கடைகளில் குங்கிலியம் என்ற பெயரில் இம்மரத்தின் பிசினும் விற்கப்படுகிறது. திருத்தணிப் பக்கம் சாலமரம் இல்லை. எனினும் அதற்கு நெருங்கிய உறவுடைய மரம் ஒன்று திருப்பதி மலைகளில் வளர்கிறது.

பருவமழை தொடங்கும் ஜூன், ஜூலை மாதங்களில் வண்டுகள் மரத்திலிருந்து வெளிவருகின்றன. பெண் வண்டு பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். புழு முதலில் பட்டையின் உட்புறத்தைத் தின்று, பின்னர் வைரம் வரை துளைத்துச் செல்லும். மரத்தடியில் மரத்தூள் குவிந்திருந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். ஆண்டுக்கு ஒரு தலைமுறை உருவாகும்.

சாதாரண ஆண்டுகளில் இதைத் தீய பூச்சி என்று சொல்வது சரியன்று. விழுந்த மரங்களையும் பட்டுப்போகும் மரங்களையும் மக்கச் செய்யும் வேலையை இதுவே தொடங்கி வைக்கிறது. நலமான மரத்தில் புழு நுழைந்தால் பிசின் சுரந்து அதை மூழ்கடித்துவிடும். நமக்கு நறும்புகை தரும் குங்கிலியம் மரத்துக்குத் தற்காப்பு ஆயுதம். வறட்சியால் மரங்கள் நலிந்தாலோ, வெட்டிய மரங்கள் காட்டிலேயே கிடந்தாலோ வண்டுகள் பெருகும். ஒரே மரத்தில் நூற்றுக்கணக்கான புழுக்கள் நுழையும்போது பிசின் போதாது. நலமான மரமும் மடிகிறது.

மத்தியப் பிரதேசத்தின் மண்டலா பகுதியில் 1920களில் இவ்வாறு பெருஞ்சேதம் ஏற்பட்டது. 1990களின் பிற்பகுதியில் அது மீண்டும் நேர்ந்தபோது லட்சக்கணக்கான மரங்கள் தாக்கப்பட்டன. கன்ஹா புலிகள் காப்பகம் இருப்பதும் இவ்வட்டாரத்தில்தான். பொறிமரம் என்னும் பழைய முறை அப்போது கைகொடுத்தது: சாலமரத்தை வெட்டி, பட்டையை நசுக்கி வைத்தால், சாற்றின் மணத்துக்கு வண்டுகள் வந்து குவியும். கிராம மக்கள் அவற்றைக் கையால் பிடித்துக் கொடுத்தால் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி உண்டு. சால இலையும் விதையும் பொறுக்கிப் பிழைக்கும் கோண்டு, பைகா மக்களுக்கு மரத்தின் இழப்பை அந்தக் கூலி ஈடுசெய்யாது.

தாக்குண்ட மரங்களை வெட்டியதே பெரும் சர்ச்சையானது. வண்டைச் சாக்கிட்டு நல்ல மரங்களும் போய்விடும் என்ற அச்சம் எழுந்து, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த அச்சம் நியாயமானதே. மரக்கூரை திறந்தால் வெயில் தரைக்கு வரும். சாலக் கன்றுகளுக்கு அது உதவும், உண்ணிச்செடிக்கும் புல்லுக்கும் அதைவிட அதிகமாக உதவும். புல் காய்ந்தால் காட்டுத்தீ எளிதில் பரவும். பட்ட மரங்களையும் முற்றிலும் அகற்றிவிட்டால் மரங்கொத்திகளுக்கும் பூஞ்சைகளுக்கும் இடமில்லை.

ஜெர்மனியின் பவேரியக் காடு தேசியப் பூங்கா வேறு வழியில் சென்றது. 1990களில் பட்டை வண்டுகள் அங்கே ஆயிரக்கணக்கான ஹெக்டேர் ஊசியிலை மரங்களை அழித்தன. உள்ளூர் மக்கள் கடுமையாக எதிர்த்தும், பூங்காவின் மையப்பகுதியில் பட்ட மரங்களை நிர்வாகம் அப்படியே விட்டுவிட்டது. சாய்ந்த மரங்களின் இடையே இளங்கன்றுகள் தாமாக எழுந்தன. பட்ட மரத்தை நம்பி வாழும் அரிய வண்டுகளும் பூஞ்சைகளும் பெருகின. ஆனால் பூங்காவின் விளிம்பில், அண்டைத் தனியார் காடுகளுக்கு வண்டு பரவாதிருக்க, தாக்குண்ட மரங்களை வெட்டியே வருகிறார்கள்.