மகள் வீட்டில் மறையும் மறதி

"இது என்ன பருவகாலம்?" மறதி நோய் இருக்கிறதா என்று பார்க்க உலகெங்கும் வைத்தியர்கள் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. 1975இல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், போல் மெக்ஹியூ ஆகிய மூவரும் வெளியிட்ட 30 புள்ளிச் சோதனையில் அது வருகிறது. இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்ற நான்கில் ஒன்றை விடையாக எதிர்பார்க்கும் கேள்வி. இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள பாண்டிருப்பில் எண்பது வயது அம்மம்மா ஒருவரிடம் கேட்டால், "கச்சான் அடிக்குது, தெரியல்லையா மனே?" என்பார். ஒரு மைல் வடக்கே மருதமுனையில் ஓர் உம்மம்மா, "நோன்புக்கு இன்னம் ரெண்டு மாசம் கிடக்கு" என்பார். இரண்டு பேருக்கும் காலம் துல்லியமாகத் தெரியும். படிவத்தில் அதற்குப் புள்ளி போட இடமில்லை.

அதே தாளில் 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். எந்த மாடியில் இருக்கிறீர்கள் என்றும் கேட்பார்கள். ஓட்டு வீட்டுக்கு ஏது மாடி? பள்ளிக்கூட வாசல் மிதிக்காத பெண் கழித்தலில் தோற்றுப்போவார். ஆனால் முப்பது பேரைச் சேர்த்துச் சீட்டுப் பிடித்து, யார் எத்தனை மாதம் கட்டவில்லை என்பதைத் தாளில்லாமல் சொல்லக்கூடியவர் அவர். சோதனை அளப்பது மறதியையா, படிப்பையா என்ற சந்தேகம் ஆராய்ச்சியாளர்களுக்கே வந்து வெகுகாலமாகிறது. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் எழுதப்படிக்கத் தெரியாத முதியவர்களுக்கென்று மேரி கங்குலி குழுவினர் 1995இல் இந்தியில் ஒரு சோதனையை வெளியிட்டது அந்தச் சந்தேகத்தால்தான்.

1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் தங்கள் குழுவுக்கு ஒரு பின்னத்தையே பெயராக வைத்தார்கள்: 10/66. டிமென்ஷியா என்னும் மறதி நோய் உள்ளவர்களில் 66 வீதமானோர் அப்போது வறிய, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்ந்தார்கள். அவர்களைப் பற்றி நடந்த ஆய்வோ மொத்தத்தில் 10 வீதத்துக்கும் குறைவு. லண்டனின் மார்ட்டின் பிரின்ஸ் முன்னின்று நடத்திய இந்தக் குழு ஹவானா, கராகஸ், லிமா, மெக்சிகோ என்று ஸ்பானிய மொழி பேசும் ஊர்களிலும், சீனாவிலும், நமக்கு அருகே சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் வீடு வீடாகப் போனது. ஒரே வினாத்தொகுதி ஒரு பக்கம் ஸ்பானியத்திலும் மறுபக்கம் தமிழிலும் கேட்கப்பட்டது. சாய்ந்தமருதில் சுனாமிக்குப் பின் எழுந்த குடியிருப்புக்கு வெனிசுவேலாவில் பிறந்த விடுதலைத் தலைவர் பொலிவாரின் பெயர் சூட்டி பொலிவேரியன் கிராமம் என்கிறோம். பெயரளவில் மட்டுமல்ல, மறதி விஷயத்திலும் அந்த மக்களோடு நமக்கு உறவு உண்டு.

2008இல் அந்த முடிவுகள் 'லான்செட்' இதழில் வந்தன. அமெரிக்க மனநலச் சங்கத்தின் வரையறைப்படி பார்த்தால், 65 வயதைத் தாண்டியவர்களில் கியூபாவில் 6.3 வீதமானோருக்கு டிமென்ஷியா. வேலூர்க் கிராமங்களிலோ 0.3 வீதம். தமிழ்க் கிராமத்துக் காற்றில் ஏதோ மருந்து இருக்கிறது என்று மகிழ்ந்திருக்கலாம். ஆனால் படிப்புக்கும் பண்பாட்டுக்கும் ஏற்பத் தாங்களே வகுத்த அளவுகோலைக் குழு வைத்துப் பார்த்தபோது, எல்லா நாடுகளிலும் நிலவரம் சுமார் 5 முதல் 12 வீதத்துக்குள் வந்து நின்றது. வேலூரும் அதற்குள் அடங்கியது.

எங்கே ஒளிந்திருந்தார்கள் அத்தனை பேரும்? அந்த அமெரிக்க வரையறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஞாபகம் குறைந்தால் மட்டும் போதாது. அதனால் அன்றாட வாழ்க்கை கெட்டிருக்க வேண்டும்; அது பெரும்பாலும் குடும்பத்தார் சொல்லித்தான் தெரியவரும். வேலூரில் குடும்பத்தார் அப்படிச் சொல்லவில்லை. மருமகள் சமைக்கிறாள், பேரன் கடைக்குப் போகிறான், மூதாட்டி செய்ய வேண்டியது என்று ஒன்றுமில்லை. எனவே கெட்டுப்போவதற்கும் ஒன்றுமில்லை. தனியாக வாழ்ந்து, கார் ஓட்டி, வங்கிக் கணக்குப் பார்க்கும் அமெரிக்க முதியவரிடம் விரைவிலேயே தெரியும் தடுமாற்றம், நல்ல பராமரிப்பு உள்ள வீட்டில் வருடக்கணக்கில் தெரியாது.

நமது கரையில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்குத்தான். மகளுக்குக் கலியாணமானால் மாப்பிள்ளை அங்கே வருவார். வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டுத் தாய் அதே வளவில் சின்ன வீட்டுக்கோ அடுத்த மகளுக்குக் கட்டும் வீட்டுக்கோ நகர்வார். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். முதுமையில் பெற்ற மகளின் கைச்சோறு, கூப்பிடு தூரத்தில் பெரியம்மா, சின்னம்மா, சாச்சி. பெருமைப்பட வேண்டிய ஏற்பாடுதான். ஆனால் நோயை மூடிவைக்க இதைவிடத் தோதான இடம் வேறில்லை. "வயசு போனா அறளை பேரும்தானே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆகவே இங்கே அறிகுறியை வேறு இடங்களில் தேட வேண்டும். எத்தனை றக்அத் தொழுதோம் என்று தினமும் தடுமாறுவது, ஒழு எடுத்துவிட்டுத் திரும்பத் திரும்ப எடுக்கப் போவது, ஏற்றிய விளக்கை மறுபடி ஏற்றப் போவது, நாற்பது வருடம் கைப்பழக்கத்தில் வைத்த கறியில் உப்புப் பிழைப்பது, சீட்டுக் கணக்குக் குழம்புவது. மீனவக் குடும்பத்தில் மீன்களின் பெயர் சொல்லச் சொல்லலாம். சூரை, பாரை, கீரி, நெத்தலி என்று கொட்டியவர் இரண்டோடு நின்றுவிட்டால் கவனிக்க வேண்டும். பிறந்த திகதி தெரியாதவரிடம் 57 வெள்ளத்தில் நடக்கப் பழகியிருந்தீர்களா, 78 சூறாவளியில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு வயதைக் கணக்கிடுவதும் ஆய்வாளர்களிடம் உள்ள முறைதான். கேள்விகளை இப்படி உள்ளூருக்கு ஏற்ப மாற்றுவதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஊருக்கு ஊர் கேள்வியை மாற்றினால் கல்முனையையும் கராகஸையும் பிறகு ஒப்பிட முடியாது.

இலங்கையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் கணக்கெடுப்பு ராகமவில் நடந்தது. டி சில்வா குழுவினர் 2003இல் வெளியிட்ட அந்த ஆய்வில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேர் பரிசோதிக்கப்பட்டனர்; சுமார் 4 வீதமானோருக்கு டிமென்ஷியா இருந்தது, அதில் பெரும்பங்கு அல்சைமர் வகை. சோதனை சிங்களத்தில் நடந்தது, இடம் கொழும்புக்குப் பக்கத்து ஊர். கிழக்கின் நிலையை அதிலிருந்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். அளக்க வேண்டியவர்களோ கொஞ்சப் பேர் அல்ல: 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பிலேயே நாட்டில் 12.4 வீதமானோர் 60ஐத் தாண்டியிருந்தார்கள்.

ஒரு சமூகத்தை அளக்காமல் விட்டால் நட்டம் எண்ணிக்கையில் மட்டும் அல்ல என்பதை அமெரிக்காவின் ஸ்பானிய வம்சாவளியினர் காட்டியிருக்கிறார்கள். அங்கே வெள்ளையின முதியவர்களைவிட அவர்களுக்கு அல்சைமர் சுமார் ஒன்றரை மடங்கு அதிகம் எனக் கணிக்கப்படுகிறது. மருந்துப் பரிசோதனைகளில் அவர்களின் பங்கோ மிகச் சொற்பம். டெக்சாஸின் ஃபோர்ட் வேர்த்தில் சிட் ஓபிரையன்ட் குழுவினர் மெக்சிக்க அமெரிக்கர்களைத் தேடிப்போய்ச் சேர்த்து ஆராய்ந்தபோது, அவர்களுக்கு ஞாபகத் தடுமாற்றம் மற்றவர்களைவிடக் குறைந்த வயதிலேயே தொடங்குவதும், அமிலாய்ட் என்னும் மூளைப் படிவு குறைவாக இருப்பதும், நீரிழிவின் பங்கு பெரிதாக இருப்பதும் தெரிந்தன. 2023இல் அங்கீகாரம் பெற்ற லெகனெமாப் போன்ற புதிய மருந்துகள் அகற்றுவது அந்த அமிலாய்டைத்தான். படிவே இல்லாதவருக்கு அந்த மருந்தால் என்ன பயன்?

இலங்கையில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் சீனி வருத்தம் உண்டு. கல்முனைப் பக்கக் கலியாண வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்தவர்கள் இங்கே அது குறைவு என்று சொல்லமாட்டார்கள். மெக்சிக்க அமெரிக்கர்களின் கதை நமக்கும் பொருந்துமா என்பது இங்கேயே கேட்டு அறிய வேண்டிய கேள்வி.

இன்னொரு கேள்வி இந்தக் கரைக்கே உரியது. ஜப்பானின் இவனுமா நகரில் 2011 சுனாமிக்கு ஏழு மாதம் முன்பு, வேறொரு தேவைக்காக முதியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்திருந்தது. அலை அடித்து இரண்டரை வருடம் கழித்து, பிழைத்தவர்களை அதே குழு மீண்டும் பார்த்தது. வீடு இழந்தவர்களின் அறிவாற்றல் மற்றவர்களைவிட அதிகம் சரிந்திருந்தது. வியப்பு என்னவென்றால், உறவினரையோ நண்பரையோ இழந்ததற்கும் சரிவுக்கும் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. பழகிய வளவும் அயலும் போனதுதான் பாதித்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26இல் பாண்டிருப்பும் மருதமுனையும் கல்முனையும் இழந்தவை எத்தனையோ வீடுகள். அவற்றில் பல மகள்மாருக்கு எழுதிய சீதன வீடுகள். கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள், பலர் வேறிடம் போனார்கள். மகள் ஒரு வீட்டுத் திட்டத்தில், தாய் இன்னொரு வீட்டுத் திட்டத்தில் என்று பிரிந்த குடும்பத்தில் முதியவரின் நாள் எப்படிப் போயிருக்கும்?

மறதி எல்லாம் அல்சைமர் அல்ல. தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, காது கேளாமை, சில தூக்கக் குளிசைகளும் ஒவ்வாமைக் குளிசைகளும் கூட அறிவை மழுக்கும், இவை திருத்தக்கூடியவை. இரண்டு மூன்று நாளில் திடீரென வரும் குழப்பம் பலநேரம் சலக்கிருமியாகவோ வேறு தொற்றாகவோ இருக்கும், அதற்கு அன்றே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். போகும்போது வீட்டிலுள்ள குளிசை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். தமிழ் தெரியாத வைத்தியர் என்றால் மொழிபெயர்க்கப் பேரப்பிள்ளையை நிறுத்தாதீர்கள். உம்மம்மா உடையோடு சலம் போனதைப் பதினைந்து வயதுப் பையன் வெட்கப்பட்டு விழுங்கிவிடுவான். பள்ளிவாசல்களிலும் ஒரு வார்த்தை சொல்லலாம்: புத்தித் தெளிவு போனவர் மீது தொழுகையும் நோன்பும் கடமையில்லை என்று மார்க்கச் சட்டமே விலக்களித்திருக்கிறது. தொழுகை பிழைத்ததற்காக ஒரு முதியவரை வீட்டார் ஏசத் தேவையில்லை.

அல்சைமரைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. பார்ப்பவரின் பாரத்தைக் குறைக்க வழி உண்டு. கோவாவில் 81 குடும்பங்களில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், உயர்தரப் படிப்பு முடித்த உள்ளூரவர்களுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்து, ஆறு மாதம் வீடுகளுக்கு அனுப்பினார்கள். இரவில் எழுந்து நடப்பவரை எப்படிச் சமாளிப்பது, கோபத்துக்கு எப்படிப் பதில் சொல்வது, எந்த உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று சொல்லிக்கொடுப்பதே அவர்கள் வேலை. பின்னால் ஒரு மனநல வைத்தியர் பகுதிநேரமாக இருந்தார். பராமரிப்போரின் மனநலம் தெளிவாகத் தேறியது. ஏ.எல். முடித்துவிட்டு வேலை தேடும் பெண்கள் பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்கள் வீடு வீடாகப் போனால் முதல் கணக்கெடுப்பையும் சேர்த்தே எடுத்துவிடலாம்.