விருந்தும் பங்கும்: தாயகம் திரும்பிய மலையகக் குடும்பங்களை உறவினர் ஏற்ற முறை

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. நான்காம் நாளும் தங்குபவர் யார் என்னும் வினாவை அது எழுப்புவதில்லை. நான்காம் நாள் தங்குபவர் விருந்தினர் அல்லர். அவர் உறவினராக வேண்டும், அல்லது சுமையாக வேண்டும். இலங்கை மலையகத்திலிருந்து 1960களின் இறுதி முதல் 1984 வரை தமிழகத்துக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அந்த நான்காம் நாளை எவ்வாறு எதிர்கொண்டன என்பதே இக்கட்டுரையின் பொருள். புலம்பெயர்வு பற்றிய நம் ஆய்வுகள் புறப்பாட்டையும் பயணத்தையும் விரிவாகப் பேசுகின்றன. வந்து சேர்ந்த வீட்டின் உள்ளே நடந்தவற்றைக் குறைவாகவே பேசுகின்றன.

பின்னணி இவ்வவையினர் அறிந்ததே, சுருங்கக் கூறுகிறேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்ட அம்மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் பதினைந்து ஆண்டுகளில் ஏற்க வகை செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. ‘பகிர்ந்துகொண்டன’ என்னும் சொல்லை நான் விரும்பி எழுதவில்லை; வேறு சொல் பொருந்தவில்லை.

‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசு ஆவணங்கள் இம்மக்களைக் குறித்தன. அவர்களுள் பெரும்பாலோர் இலங்கையில் பிறந்தவர்கள். கூலியாட்கள் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு 1939இலேயே தடைசெய்துவிட்டது. ஆகவே 1970களில் கப்பலேறியவர் பலருக்குச் சொந்த ஊர் என்பது தாத்தா சொன்ன ஒரு பெயர். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் என்னும் மாவட்டப் பெயர்களோடு சேர்த்துச் சொல்லப்பட்ட ஒரு பெயர். கங்காணி தன் ஊரிலும் தன் சாதியிலும் ஆள் சேர்த்ததனால் அப்பெயர் மறக்கப்படாமல் நின்றது. கடிதம் எழுதத் தெரிந்தவர் இருந்த குடும்பங்களில் அது சற்றுக் கூடுதல் உயிரோடு இருந்தது. அவ்வளவே. இந்திய அதிகாரிகளோ அப்பெயரை ஒரு முகவரியாகக் கொண்டனர். சொந்த ஊர் உண்டு; ஊரில் உறவினர் உண்டு; உறவினர் ஏற்றுக்கொள்வர் என்பது மறுவாழ்வுத் திட்டங்களின் அடியில் எழுதப்படாமல் கிடந்த நம்பிக்கை.

உறவு என்பது எங்கே இருந்தது என்பதை அட்டன் புகைவண்டி நிலையம் காட்டியது. தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டியை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். ஒரே லயத்தில் சுவருக்குச் சுவர் வாழ்ந்தவர்கள், ஒன்றாகப் பெரட்டுக்கு நின்றவர்கள், ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் பாலூட்டியவர்கள் மேடையில் நின்று ஒப்பாரி வைத்தனர். அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைக் குடியுரிமையும் வாய்த்த குடும்பங்கள் அங்கேயே பிரிந்தன. அழுது பிரிந்த உறவைப் பின்னால் விட்டு, முகமறியாத உறவை நோக்கி அம்மக்கள் அனுப்பப்பட்டனர் என்பதை நினைவிற் கொண்டால்தான் பின்னர் நிகழ்ந்தவை விளங்கும்.

பங்காளி என்னும் சொல்

மண்டபம் முகாமிலிருந்து குடும்ப அட்டையோடும் தகரப் பெட்டியோடும் ஊர் வந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது மெய்யான வரவேற்பே. சிலோனிலிருந்து வந்தவர்களைக் காண ஊர் திரண்டது. பெட்டியில் இருந்த சேலையும் பாத்திரமும் பங்கிடப்பட்டன. வருவோரின் சேமலாப நிதியும் பணிக்கொடையும் கையிலிருந்த காலம் அது. ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க உடைமையின் உச்ச வரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என உடன்படிக்கை உறுதி கூறியிருந்தது. பல்லாண்டு உழைப்பின் முழுப் பயனாகிய அத்தொகை, வானம் பார்த்த பூமியில் வாழ்ந்த உறவினர் கண்ணுக்குச் செல்வமாகவே தெரிந்திருக்கும். கடனாகவும் கைமாற்றாகவும் அதன் ஒரு பகுதி உறவுக்குள் கரைந்தது. இதை வஞ்சகம் என எழுதுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. ஏழை உறவினர் இருவரிடையே பணம் இருக்குமிடத்திலிருந்து இல்லாத இடத்துக்குப் பாய்வது இயல்பு. அது திரும்பிப் பாய வழியில்லாமற்போனதே துயரம்.

பின்னர் அடுப்பின் கணக்கு வந்தது. தோட்டத்தில் ஆணும் பெண்ணும் மாதச் சம்பளம் பெற்றவர்கள். கொழுந்து ஆண்டு முழுதும் துளிர்க்கும். மானாவாரி ஊரில் வேலை நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் மட்டுமே உண்டு. வயல் வேலை பழகாத கைகளுக்கு அந்த நாள்களிலும் கூலி குறைவு. இரண்டு குடும்பங்களுக்கு ஒரு குடும்பத்தின் தானியம் போதாது. இவ்விடத்தில் கொடுமைக்காரச் சித்தியையோ கல்நெஞ்சப் பெரியப்பாவையோ தேடவேண்டியதில்லை.

எனினும் வறுமை மட்டுமே கதவை மூடவில்லை. தமிழில் தந்தைவழி உறவினனைக் குறிக்கும் சொல் ‘பங்காளி’. உறவின் பெயரிலேயே சொத்து இருக்கிறது. பாட்டன் கடல் கடந்தபோது விட்டுச்சென்ற அரை ஏக்கரும் கூரை வீடும் ஐம்பது ஆண்டுகளாக ஒரு கிளையின் உழைப்பில் நின்றவை. சில இடங்களில் அடகிலிருந்து அவர்களே மீட்டவை. திரும்பிவந்த பேரன் பங்கு கேட்டானோ இல்லையோ, கேட்கத் தகுதியுடையவனாக வாசலில் நின்றான். அன்பாக உபசரிப்பதற்குப் பங்காளி அஞ்சவில்லை. உபசாரம் உரிமையின் ஒப்புதலாகிவிடும் என்றே அஞ்சினான். நிலமே இல்லாதிருந்த சேரியில் இந்த அச்சம் இல்லை. ஆனால் அங்கே பகிர்ந்துகொள்ள இடமும் இல்லை. தோட்டங்களுக்குச் சென்றோருள் தாழ்த்தப்பட்டோரே மிகுதி என்பதனால் இந்த இரண்டாம் நிலை சிறுபான்மையினருடையது அன்று. லயத்தில் சாதி ஒழிந்துவிடவில்லை. ஆயினும் இரட்டைக் குவளைத் தேநீர்க் கடையை இங்கே முதன்முதலாகக் கண்ட இளைஞனுக்கு ‘தாயகம்’ என்னும் சொல் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

தாய்வழியில் நிலைமை சற்று வேறு. மாமன் மச்சான் உறவில் சொத்துப் பங்கு இல்லை. ஆகையால் பங்காளி வீட்டில் நிற்க முடியாதவர்கள் மாமன் வீட்டுத் திண்ணைக்கு வந்தது உண்டு. அங்கே வேறொரு சோதனை காத்திருந்தது. முறைப்பெண் உண்டு, முறைமாப்பிள்ளை உண்டு. கொள்வினை கொடுப்பினை உண்டா? அடுத்த அறையில் யார் வாழ்ந்தார், யாரோடு கலந்தார் என்ற ஐயம் எழுந்தது. ‘கோச்சி’ என்ற சொல்லும், ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், பாலில்லாத தேநீரும் ஐயத்துக்குத் துணைநின்றன. பெண் கொடுக்காத வீட்டார் பகைவராகிவிடவில்லை. பொங்கலுக்கு அழைத்தார்கள், காதுகுத்துக்குச் சீர் கேட்கவில்லை. சீர் கேட்காமையே விலக்கு என்பதை நம் சமூகத்தை அறிந்தவர் அறிவர்.

ஊர் ஏற்றதா என்பதற்கும் இத்தகைய ஓர் அளவுகோல் உண்டு. அம்மன் கொடைக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும்போது திரும்பிவந்த குடும்பம் தனித் தலைக்கட்டாக எண்ணப்பட்டதா என்று கேட்க வேண்டும். ‘பாவம், சிலோன்காரர்கள், அவர்களிடம் வாங்க வேண்டாம்’ என விலக்களித்த ஊர் இரக்கமுள்ள ஊர். ஆனால் ஏற்ற ஊர் அன்று. வரி கொடுக்காதவருக்கு மரியாதையில் முறை இல்லை, பொதுப் பேச்சில் குரல் இல்லை. வறிய குடும்பத்திடம் வரி கேட்பது கடுமையாகத் தோன்றும். கேட்கப்படாமையின் கடுமை அதனினும் நீண்டது.

புலம்பெயர் நாடுகளில் வாழும் நமக்கு இது முற்றிலும் புதிதன்று. 1983க்குப் பின் டொரன்டோவில் உறவினர் வீட்டுப் பேஸ்மென்டில் மாதக்கணக்கில் தங்கியவர்கள் இவ்வவையிலும் இருப்பர். அந்த உறவுகள் பெரும்பாலும் முறியாமல் நின்றதை நம் பண்பாட்டின் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். விருந்தளித்தவருக்கும் வந்தவருக்கும் கூலி வேலை கிடைத்தது என்பதையும், அந்த வீட்டில் வந்தவருக்குப் பங்கு எதுவும் இல்லை என்பதையும் நாம் சேர்த்துச் சொல்வதில்லை.

மலைக்கு மீண்டும்

அரசுத் திட்டங்கள் சில குடும்பங்களை நேராகத் தோட்டங்களில் சேர்த்தன. நீலகிரியில் 1968இல் தொடங்கி 1976இல் தனிக் கழகமாகிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள், கேரளத்தின் புனலூரிலும் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும் அமைந்த இரப்பர்த் தோட்டங்கள் ஆகியன அவற்றுட் சில. சிறு தொழிற் கடன் பெற்றுச் சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டோர் மிகப் பலர். கடையோ மாடோ வைத்துப் பழகாதவர் கையில் அக்கடன் நெடுநாள் தங்கவில்லை. அவர்களுள் ஏராளமானோர் எவர் திட்டத்திலும் இல்லாத ஒரு பயணத்தைத் தாமே மேற்கொண்டனர்: சமவெளியிலிருந்து மீண்டும் மலைக்கு, குறிப்பாகக் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளுக்கு.

அவர்களை அங்கே அழைத்தது இரத்த உறவு அன்று. ஒப்பாரிக் கோச்சி மேடையில் பிரிந்த லயத்து உறவு. ‘எங்கள் டிவிஷன் ஆள் ஒருவர் கோத்தகிரியில் இருக்கிறார்’ என்ற செய்தி சொந்த ஊரின் பெயரைவிட நம்பத்தக்க முகவரியாயிற்று. முன்னர் வந்தவர் ஒரு குடிசையில் இடம் கொடுத்தார், மறுநாள் வேலைக்கு அழைத்துச் சென்றார். அவரிடம் பங்கு கேட்க எதுவும் இல்லை. அவரும் வந்தவரின் சாதியைப் புதிதாக விசாரிக்க வேண்டியதில்லை, முன்பே அறிவார். ‘அண்ணன்’, ‘மாமா’ என அழைத்த உறவுகள் அடுத்த தலைமுறையில் மணவுறவாகவும் மாறின.

மலையில் முன்பே வாழ்ந்தவர்கள் வந்தவர்களைக் கைகளாக ஏற்றனர். படகர் நிலங்களில் உருளைக்கிழங்குக்கும் காரட்டுக்கும் ஆள் தேவைப்பட்டது. சிறு தேயிலைத் தோட்டங்களுக்குக் கொழுந்து பறிக்கத் தெரிந்த பெண்கள் தேவைப்பட்டனர். ஆனால் வேலை வேறு, இடம் வேறு. புறம்போக்கிலும் வனத்தின் ஓரத்திலும் எழுந்த வீடுகளுக்குப் பட்டா இல்லை. கூடலூரில் ஜென்மி நிலங்கள் பற்றிய 1969ஆம் ஆண்டுச் சட்டம் தீர்க்காத வழக்குகளின் நடுவே அக்குடியிருப்புகள் நின்றன. அரசுத் தோட்டத்தில் வேலை பெற்றவருக்கு வீடு கிடைத்தது. வேலை முடியும் நாளில் வீடும் முடிந்தது. பெயர் மட்டும் எங்கும் ஒன்றாயிருந்தது. இலங்கையில் அவர்கள் ‘இந்தியக்காரர்’; இங்கே ‘சிலோன்காரர்’. 1983க்குப் பின் அகதிகள் வந்தபோது, கடவுச்சீட்டோடு வந்த இந்தியக் குடிமக்களாகிய இவர்களையும் அண்டை அயலார் அகதிகள் என்றே கருதினர்.

மலையிற் பிறந்த மூன்றாம் தலைமுறை, சொந்த ஊர் வாசலுக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது. கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பெற்றோரிடம் சான்று இல்லையென்றால், பூர்வீக ஊரில் இரத்த உறவினர் எவரேனும் வைத்திருக்கும் சான்றின் நகலும், இவர் எங்கள் உறவினர் என்னும் ஒப்புதலும் கேட்கப்படுகின்றன. பேரன் பேருந்தேறி ஊர் செல்கிறான். சோறு போடுகிறார்கள், தாத்தாவின் தம்பி மகன் நெடுநேரம் அன்போடு பேசுகிறார். தாளை நீட்டியதும் வீட்டுக்குள் சென்று மகன்களோடு கலந்துபேசுகிறார். சாதிக்கு உறவை ஒப்புக்கொள்ளும் அதே கையொப்பம், நாளை நிலத்துக்கும் உறவை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்பதே உள்ளே நடக்கும் பேச்சு.