ரிலே தரும் எண்ணுக்கு என்ன பொருள்?

ஒரு தொழிற்சாலையின் 11 கிலோவோல்ட் பேனலில் இருக்கும் பாதுகாப்பு ரிலேவுக்கு நிறையத் தெரியும். மூன்று ஃபேஸிலும் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது, பிரேக்கர் மூடியிருக்கிறதா, கடைசியாக எதனால் ட்ரிப் ஆனது, எல்லாமே அதன் நினைவகத்தில் இருக்கின்றன. கன்ட்ரோல் ரூமில் இருப்பவருக்கும் அவை தெரியவேண்டுமென்றால், இரு பக்கத்துக்கும் பொதுவான ஓர் ஒழுங்கில் அவற்றை அடுக்கி வைக்கவேண்டும்.

1979இல் மோடிகான் நிறுவனம் கொண்டுவந்த மோட்பஸ் முறையில் இந்த அடுக்கு மிக எளிமையானது. ஆன், ஆஃப் தகவல்களுக்கு இரண்டு அட்டவணை, எண்களுக்கு இரண்டு அட்டவணை. எண்கள் இருக்கும் ஒவ்வோர் அறையும் ஒரு ரெஜிஸ்டர். அதன் அகலம் 16 பிட். 0 முதல் 65,535 வரைதான் கொள்ளும். அறைக்கு எண் உண்டு, பெயர் கிடையாது. உள்ளே இருப்பது கரன்ட்டா, வோல்டேஜா என்பது ரிலே தயாரித்தவர் தரும் ரெஜிஸ்டர் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும்.

342.5 ஆம்பியரைப் புள்ளியோடு ஒரு ரெஜிஸ்டரில் வைக்க முடியாது. அதனால் பல ரிலேக்கள் பத்தால் பெருக்கி 3425 என்று வைக்கின்றன. படிப்பவர்தான் பத்தால் வகுக்கவேண்டும். மின்சாரம் எதிர்த்திசையில் பாய்ந்து மைனஸ் 50 கிலோவாட் வந்தால், குறியைக் கவனிக்காத மென்பொருள் அதை 65,486 என்று காட்டும். பெரிய எண்களுக்கு இரண்டு ரெஜிஸ்டர் வேண்டும். ஒரு லட்சம் யூனிட் என்பது மேல்பாதியில் 1, கீழ்ப்பாதியில் 34,464 என்று பிரிந்து நிற்கும். இந்த இரண்டையும் வரிசை மாற்றிச் சேர்த்தால் 225 கோடியைத் தாண்டிவிடும். எது முதலில் வரவேண்டும் என்று மோட்பஸ் விதி சொல்லவில்லை.

இவையெல்லாம் பார்த்தவுடன் பிடிபடும் தவறுகள். பிடிபடாத ஒன்று உண்டு, எனக்குக் கவலை அதுதான். பட்டியலில் ஆர் ஃபேஸ் கரன்ட் 40101 என்று போட்டிருந்தால், முதல் 4 அட்டவணையின் அடையாளம். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் கேபிளில் போகவேண்டிய முகவரி 100. மென்பொருளில் 101 என்று கொடுத்துவிட்டால் ஆர் இடத்தில், அடுத்த அறையில் இருக்கும் ஒய் ஃபேஸின் கரன்ட் வந்து உட்காரும். லோடு சமமாக இருக்கும்வரை இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஃபால்ட் வரும் நாளில் திரை தவறான ஃபேஸைக் காட்டும்.

மோட்பஸில் கேட்டால்தான் ரிலே பதில் சொல்லும். இரண்டு விநாடிக்கு ஒருமுறை கேட்டால், இடையில் 200 மில்லிவிநாடி வந்து மறைந்த ஓவர்கரன்ட் தெரியாமல் போகும். அதற்காகவே நல்ல ரிலேக்கள் ஒவ்வொரு நிகழ்வையும் நேரத்தோடு குறித்து, தனி ரெஜிஸ்டர் தொகுதியில் வைத்திருக்கின்றன. அதையும் படிக்கும்படி கன்ட்ரோல் ரூமின் ஸ்காடா மென்பொருளை அமைக்கவேண்டும்.

ஐஇசி 61850 என்ற தகவல்தொடர்புத் தரநிலை வேறு வழியில் போகிறது. இதில் தகவலுக்குப் பெயர் உண்டு. பிரேக்கர் என்றால் எக்ஸ்சிபிஆர், அளவீடு என்றால் எம்எம்எக்ஸ்யு, நேரம் சார்ந்த ஓவர்கரன்ட் பாதுகாப்பு என்றால் பிடிஓசி. எந்த நிறுவனத்தின் ரிலேவாக இருந்தாலும் இவைதான். மதிப்போடு அதன் தரக்குறியும் நேரமும் சேர்ந்தே வரும். பிரேக்கர் நிலைக்கு இரண்டு பிட் வைத்திருப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. 01 என்றால் திறந்தது, 10 என்றால் மூடியது, 00 என்றால் நடுவில் நிற்கிறது, 11 என்றால் நம்பமுடியாத நிலை. ஒற்றை பிட்டில் இதைச் சொல்லவே வழியில்லை. துணைக் கான்டாக்ட்டின் வயர் அறுந்தால்கூட பிரேக்கர் திறந்திருப்பதாகவே காட்டும்.

மோட்பஸில் இணைப்பதானால், ரிலே வாங்கும்போதே அதன் ஃபர்ம்வேர் பதிப்புக்குரிய ரெஜிஸ்டர் பட்டியலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பதிப்பு மாறினால் பட்டியலும் மாறக்கூடும். இணைத்து முடித்ததும் டெஸ்ட் கிட்டில் மூன்று ஃபேஸிலும் வெவ்வேறு அளவு கரன்ட் செலுத்தி, அதே மூன்று எண்கள் அதனதன் இடத்தில் திரையில் வருகின்றனவா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.