வாள் மிஷின் உதைத்தால் விரல் போகும்

ஜெஞ்சாரோம் பக்கம் காற்றில் மரம் சாய்ந்தால், உடனே வாள் மிஷினைத் தூக்குகிறோம். தோழர்களே, கொஞ்சம் பொறுங்கள்!

சங்கிலி ஓடும் தகட்டு நுனியின் மேல்பாதி மரத்தில் பட்டால், கண் இமைக்குமுன் மிஷின் நம்மை நோக்கி உதைக்கும். இடக்கை நழுவினால் விரல் சங்கிலியில்தான். ஆகவே கட்டைவிரலைச் சுற்றிப் பிடியுங்கள். ஒற்றைக் கையால் அறுக்காதீர்கள். தோளுக்கு மேல் தூக்காதீர்கள். முன்னால் இருக்கும் பிரேக் தடுப்பைக் கழற்றவே கூடாது.

வெட்டுப்பட்டால் காப்பித்தூள், மஞ்சள் அப்ப வேண்டாம். சுத்தத் துணியால் அழுத்திக் கையை உயர்த்துங்கள். துண்டான விரலை விட்டுவிட்டு ஓடி வராதீங்க! ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். விரல் நேரே ஐஸில் படக்கூடாது.

“வேலையில் பட்ட காயம்” என்று டாக்டரிடம் சொல்லுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அது 1969-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை.